இரண்டு நோட்டுகளுக்கு நடுவே

கஜா புயலைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் காற்றைப் பற்றித்தான் கேட்பார்கள். எவ்வளவு வேகம், எத்தனை தென்னை சாய்ந்தது, எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் இருந்தீர்கள் என்பார்கள். எனக்குச் சொல்லத் தோன்றுவது ஒரு நோட்டைப் பற்றி. சரியாகச் சொன்னால் இரண்டு நோட்டுகளைப் பற்றி.

வேதாரண்யம் பக்கம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் நான். ஊருக்கு நர்ஸம்மா. சமவெளியில் 5000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசாங்கக் கணக்கு. அப்போது தமிழ்நாட்டில் 1000 பேருக்கு வருடத்துக்குச் சுமார் 14 குழந்தைகள் பிறந்தன. அப்படியானால் ஒரு நர்ஸின் பகுதியில் வருடத்துக்கு 70 பிரசவம், மாதத்துக்கு ஏறக்குறைய 6. புயல் எந்தத் தேதியில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் என்றைக்கு வந்தாலும் அன்றைக்கு ஐந்தாறு பெண்கள் நிறைமாதமாக இருப்பார்கள் என்பதை எந்த நர்ஸும் சொல்லிவிடுவாள். அதற்கு வானிலை மையம் வேண்டாம், நோட்டு போதும்.

என் நோட்டில் எல்லாம் இருந்தது. பெயர், பிக்மி எண், எத்தனையாவது பிரசவம், ரத்த அளவு, பிரஷர், பிரசவத் தேதி. சிவப்பு மையில் சுழித்தவை ஆபத்தான கேஸ்கள். 2018 நவம்பர் இரண்டாவது வாரம் புயல் எச்சரிக்கை வந்தது. பிரசவத் தேதி நெருங்கியவர்களை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தகவல். என் நோட்டில் ஏழு பேர். ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். "இன்னும் பத்து நாள் இருக்கே" என்ற மாமியார்களிடம் கெஞ்சினேன், ஒரு புருஷனிடம் சத்தம் போட்டேன். 15-ஆம் தேதி மதியத்துக்குள் ஏழு பேரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். நோட்டை மூடி வைத்துவிட்டு, என் வேலையை முடித்தேன் என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன். வீட்டில் படுக்கையில் கிடந்த மாமியாரை ஓட்டு வீட்டிலிருந்து பக்கத்து மாடி வீட்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது.

16-ஆம் தேதி அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே புயல் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தபோது தெரு இல்லை. மரத்தின் மேல் மரம், அதன் மேல் கரண்ட் கம்பம். செல்போனில் சிக்னல் இல்லை. எட்டு மணி இருக்கும், கையில் அரிவாளோடு ஒரு பையன் மரங்களைத் தாண்டித் தாண்டி வந்து நின்றான். "நர்ஸம்மா, எங்க அக்காவுக்குப் புள்ள பொறந்துருச்சு. ரத்தம் நிக்கல."

யார் அவன் அக்கா என்று எனக்குத் தெரியவில்லை. என் பகுதியில் நிறைமாதமாக யாரும் பாக்கி இல்லையே என்றுதான் முதலில் மனதில் ஓடியது. போகும் வழியில் அவன் சொன்னான். அவள் கல்யாணமாகித் திருப்பூரில் புருஷனோடு பனியன் கம்பெனி வேலையில் இருந்தவள். தலைப்பிரசவம். தீபாவளிக்கு அம்மா வீட்டுக்கு வந்தவளை, பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம்தானே என்று நிறுத்திக்கொண்டார்கள். தாய் சேய் அட்டை திருப்பூரில் போட்டது. ஒரு வாரத்தில் என்னிடம் வந்து காட்டலாம் என்று இருந்தார்களாம். முகாமுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் முகாம், நூற்றுக்கணக்கான ஜனத்துக்கு இரண்டு கக்கூஸ், நிறைமாத வயிற்றோடு ஒன்னுக்குப் போக வரிசையில் நிற்க முடியாது என்று அவளே மறுத்துவிட்டாள். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கூரை பறந்த வீட்டில், நனைந்த பாயில் கிடந்தாள். ராத்திரி இரண்டு மணிக்கு வலி கண்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக் கிழவிதான் பார்த்திருக்கிறாள். பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பை சுருங்காமல் ரத்தம் போனால் ஆக்சிடோசின் ஊசி போட வேண்டும். அது குளிரில் வைக்க வேண்டிய மருந்து. என்னிடம் அன்றைக்கு இருந்தது மிசோப்ரோஸ்டால் மாத்திரை மட்டும். அதற்குக் குளிர் வேண்டாம். கொடுத்தேன், வயிற்றைத் தேய்த்தேன், ரத்தம் குறைந்தது. ஊர் ஆண்கள் மரத்தை வெட்டி வெட்டி வழி செய்ய, கயிற்றுக் கட்டிலில் அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனோம். 108 வண்டி ரோட்டை விட்டு உள்ளே வர முடியாமல் நின்றது. அவள் பிழைத்தாள். குழந்தை நாங்கள் போவதற்கு முன்பே போய்விட்டது. குளிரில் நனைந்தபடி, ஒருமுறை அழுதுவிட்டு, பிறகு அழவில்லை என்றாள் கிழவி.

மூன்றாம் நாள் அங்கன்வாடி டீச்சரைப் பார்த்தேன். ஊரில் இன்னும் பால்வாடி என்றுதான் சொல்வோம். பால்வாடிக் கூரையும் போயிருந்தது, அவர் வீட்டுக் கூரையும் போயிருந்தது. நனைந்த பதிவேடுகளை வெயிலில் விரித்து, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கல்லை வைத்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"சிஸ்டர், அந்தப் பொண்ணு என் நோட்டுல இருந்துச்சு."

தீபாவளி முடிந்த வாரம் அவள் அம்மா சத்துமாவு கேட்டு வந்திருக்கிறாள். திருப்பூரில் பதிவு இருப்பதால் இங்கே கொடுக்க முடியாது, அங்கிருந்து மாற்றி வாங்கி வாருங்கள் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் மனசு கேட்காமல் பெயரையும் பிரசவ மாதத்தையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். என் சப்சென்டருக்கும் அந்தப் பால்வாடிக்கும் இடையே நடந்து போனால் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை நானும் நடக்கவில்லை, அவரும் நடக்கவில்லை. நடக்கச் சொல்லி யாரும் எங்களிடம் சொன்னதுமில்லை. நான் சுகாதாரத் துறை. அவர் சமூக நலத் துறை. என் பதிவேடு மேலே போகும், அவர் பதிவேடும் மேலே போகும். இரண்டும் எங்காவது சந்திக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

சில வாரங்கள் கழித்து நடந்த ஆய்வுக் கூட்டத்தில் அந்தச் சிசு மரணமும் வந்தது. நீண்ட நேரம் பேசப்பட்ட கேள்வி, இது எந்தப் பகுதியின் கணக்கில் சேரும் என்பதுதான். பதிவு திருப்பூரில், பிறந்தது இங்கே. கடைசியில் என் கணக்கில் இல்லை என்று முடிவானபோது எனக்கு ஒரு ஆசுவாசம் வந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அந்த ஆசுவாசத்தை நினைத்து எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது. இறந்த பிறகும் அந்தக் குழந்தைக்கு ஒரு நோட்டு கிடைக்கவில்லை.

அடுத்த ஜனவரியில் நானும் டீச்சரும் ஒன்று முடிவு செய்தோம். மாதத்தின் முதல் சனிக்கிழமை, மதியம் பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கிய பிறகு, பால்வாடித் திண்ணையில் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இதற்கு உத்தரவு இல்லை, படிவம் இல்லை. டீச்சர் டீ போடுவார்.

முதல் சனிக்கிழமையே எங்கள் இருவருக்கும் முகம் சுருங்கிப்போனது. அவர் நோட்டில் இருந்த நான்கு பேர் என் நோட்டில் இல்லை. என் நோட்டில் இருந்த ஏழு பேர் அவர் நோட்டில் இல்லை. ஏன் என்று ஒவ்வொருத்தியாகப் பேசினோம். தாய்வீட்டுக்கு வந்தவர்கள் ஒரு வகை. நம் வழக்கப்படி வளைகாப்பு முடிந்ததும் பெண் ஊர் மாறுகிறாள். அவள் பெயர் மட்டும் புருஷன் ஊரிலேயே இருக்கிறது. பிரசவத்துக்கு மிக நெருக்கமான நாட்களில்தான் அவள் எந்தப் பட்டியலிலும் சரியாக இல்லாமல் போகிறாள். இது ஒருத்தியின் கவனக்குறைவு அல்ல, நம் கல்யாண முறையிலேயே இருக்கிற ஓட்டை. உப்பள வேலைக்கு வெளியூரிலிருந்து வந்து கொட்டகை போட்டுத் தங்கியவர்கள் இன்னொரு வகை. காலனிப் பெண்கள் சிலர் என்னிடம் ஊசிக்கு வருவார்கள். ஆனால் பால்வாடி ஊர்த்தெருவில் இருந்ததால் அங்கே போய் நிற்க மாட்டார்கள். வயது காணாமல் கட்டிக்கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணை, என்னிடம் கொண்டுவந்தால் கேள்வி வரும் என்று வீட்டில் மறைத்திருந்தார்கள். தங்கச்சியைப் பால்வாடியில் விட வந்தபோது அவளே டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு நோட்டில் விழாதவள் ஏன் விழவில்லை என்று கேட்டால், பதில் எப்போதும் சாதியிலோ கல்யாணத்திலோ கூலியிலோ போய் நின்றது.

திண்ணையில் ஆள் கூடியது. மகளிர் சுய உதவிக் குழுவின் தலைவி வந்தார். எந்த வீட்டில் கழிப்பறையோடு மாடி இருக்கிறது, எந்த வீட்டுக்காரி கதவைத் திறப்பாள் என்பது அவருக்குத்தான் தெரியும். அன்றைக்குப் பிரசவம் பார்த்த கிழவியையும் கூப்பிட்டோம். மருத்துவச்சிகளைக் குற்றவாளியைப் போலப் பார்க்க எனக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ரோடு அடைபட்ட ராத்திரியில் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த ஒரே கை அவளுடையது. பிறந்த பிள்ளையை உடனே துடைத்துக் காய்ந்த துணியில் சுற்றி, தாயின் நெஞ்சில் தோலோடு தோலாக வைக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்தபோது, அவள் வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அன்னிக்கு வீட்டுல காஞ்ச துணி ஒன்னு கூட இல்லம்மா" என்றாள். அன்றிலிருந்து நிறைமாதப் பெண் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு சுத்தமான துணி, புது பிளேடு, நூல், சோப்பு, நாப்கின் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி உறியில் தொங்கவிடச் செய்தோம்.

குளிருக்கும் வழி தேடினோம். கரண்ட் போனால் தடுப்பூசியும் ஆக்சிடோசினும் என்ன ஆகும்? மீனவர் தெருவில் ஐஸ் கம்பெனி இருக்கிறது. ஐஸ் தருகிறோம் என்று அவர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஐஸை மருந்தின் மேல் நேரடியாகப் படவைக்கக் கூடாது. சில தடுப்பூசிகள் உறைந்தால் பாழாகிவிடும். அதைப் பெட்டியில் எப்படி அடுக்குவது என்பதைக் குழுப் பெண்கள் நால்வர் கற்றுக்கொண்டார்கள். டவுனில் சொந்த ஜெனரேட்டர் உள்ள நர்சிங் ஹோமை நடத்தும் ஒரு பெண் மருத்துவர், புயல் நாட்களில் எங்கள் மருந்துப் பெட்டிக்குத் தன் ஃபிரிட்ஜில் இடம் தருவதாகச் சொன்னார். கேட்கப் போவதற்கு முன் நான் ஒரு வாரம் தயங்கினேன். அரசு ஆள் தனியாரிடம் கேட்கலாமா என்று பயம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இவ்வளவு நாளா ஏன் வரல?"

இப்படிக் கூடிப் பேசுவது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. 2004 ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000 பேருக்கு மேல் கொன்றது. உதவ வந்த அமைப்புகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் இருக்க, 2005 தொடக்கத்தில் சினேகா, சிஃப்ஸ் போன்ற உள்ளூர் அமைப்புகள் நாகையில் ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை நடத்தின. பெண்களின் சாவைத் தனியாக எண்ணியதும் அப்போதுதான். ஆக்ஸ்ஃபாம் 2005-இல் வெளியிட்ட குறிப்பில் கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146 என்று இருந்தது. ஆண்கள் பலர் கடலில் இருந்தார்கள். பெண்கள் மீனுக்காகக் கரையில் காத்திருந்தார்கள், அல்லது பிள்ளைகளோடு வீட்டில் இருந்தார்கள். அந்தக் கணக்கு எனக்கு ஒன்றைக் கற்றுத்தந்தது. இறந்த பிறகு பெண்களை எண்ணுவதற்கு நிறையப் பேர் வருவார்கள். உயிரோடு இருக்கும்போது, புயலுக்கு முந்தின வாரத்தில் எண்ணுவதற்கு, அந்த ஊரில் இருக்கிற பெண்கள்தான் உண்டு.

பேரிடர் மேலாண்மைச் சட்டமும் 2005-இல்தான் வந்தது. அதன்படி மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர். உள்ளாட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி இணைத் தலைவர். காவல் கண்காணிப்பாளர் உறுப்பினர். மாவட்டத்தின் தலைமை மருத்துவ அலுவலரும் உறுப்பினர். நல்லது, அவர்கள் இருக்க வேண்டியவர்கள். ஆனால் யார் எந்த வீட்டில் எத்தனை மாத வயிற்றோடு இருக்கிறாள் என்பது அந்த மேசையில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் கீழே இருக்கிறார்கள், தனித்தனியாக. நர்ஸ் ஒரு துறை, அங்கன்வாடி ஒரு துறை, சுய உதவிக் குழு ஒரு துறை. 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபோது, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் பெண் தன்னார்வலர்கள் வந்தார்கள். அது நான்காவது நோட்டு. படுக்கையில் இருப்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள் எல்லாம் அதில்தான். எல்லா நோட்டும் பெண்கள் கையில்தான் இருக்கிறது. ஆனால் அந்த வேலைக்குத் தன்னார்வம், சேவை, ஊக்கத்தொகை என்று பெயர் வைத்திருக்கிறோம். அங்கன்வாடிக்காரர்கள் வாங்கும் காலமுறை ஊதியத்துக்குக்கூட முன்னால் 'சிறப்பு' என்ற அடைமொழி உண்டு. அந்தச் சிறப்பு ஊதியத்தைக் குறைப்பதற்காகப் போட்டது.

எங்கள் திண்ணை விஷயம் மெல்ல மேலே தெரிந்தது. ஒரு அதிகாரி நல்ல மனதோடுதான் சொன்னார்: "அந்த நோட்டை அப்படியே ஒப்படைங்க, கம்ப்யூட்டரில் ஏற்றி எல்லாத் துறைக்கும் அனுப்பிடலாம்." நானும் டீச்சரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் நோட்டில் பெயருக்குப் பதிலாக வெறும் நட்சத்திரம் போட்ட வரிகள் இருந்தன. கல்யாணமாகாமல் கர்ப்பமான ஒருத்தி. புருஷனின் அடிக்குப் பயந்து அக்கா வீட்டில் ஒளிந்திருந்த ஒருத்தி. வயது காணாத அந்தப் பெண். பட்டியல் என்பது காப்பாற்றவும் செய்யும், காட்டிக்கொடுக்கவும் செய்யும். அவர்கள் எங்களிடம் சொன்னது எங்களை நம்பி, எங்கள் துறைகளை நம்பி அல்ல. எத்தனை பேர், எந்தத் தெரு, எத்தனை வண்டி தேவை என்ற எண்ணிக்கையைக் கொடுத்தோம். பெயர்களைக் கொடுக்கவில்லை. ஒத்துழைப்பு என்றால் எல்லாரும் எல்லாவற்றையும் பார்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். யார் எதைப் பார்க்கக் கூடாது என்பதையும் சேர்த்து முடிவு செய்தால்தான் பெண்கள் அதற்குள் வருவார்கள்.

2020 நவம்பரில் நிவர் வந்தது. கொரோனா காலம். ஆஸ்பத்திரிப் படுக்கைகள் நிறைந்திருந்தன, முகாமில் கூட்டம் சேரக் கூடாது. எச்சரிக்கை வந்த அன்றே திண்ணையில் கூடினோம். பெயர்கள் ஏற்கெனவே ஒன்றாக இருந்தன. நிறைமாதக்காரர்கள் எல்லாரையும், தாய்வீட்டுக்கு வந்த மூவரையும் சேர்த்து, மழை வலுப்பதற்கு முன் அனுப்பினோம். படுக்கை கிடைக்காத இருவரைக் குழுத் தலைவி சொன்ன மாடி வீட்டில் வைத்தோம். அங்கே கழிப்பறை இருந்தது, உறியில் பையும் இருந்தது. 25-ஆம் தேதி இரவு புயல் எங்களை விட்டு விலகிப் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த வாரமே புரெவி. மழைத் தண்ணீர் வயலை மூழ்கடித்தது. எங்கள் பெண்கள் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. எதுவும் ஆகவில்லை என்பதற்கு அறிக்கையில் எழுத ஒரு கட்டம் கிடையாது. அதனால் அது எங்கேயும் பதிவாகவில்லை.

எங்களைத் தேவதைகள் என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம்தான் வரும். நிவர் ராத்திரியில் டீச்சர் முகாமில் இருந்தார். அவருடைய வயசுக்கு வந்த இரண்டு பெண்கள் கீற்றுக் கூரைக்குக் கீழே தனியாக இருந்தார்கள். நான் சப்சென்டரில் இருந்தேன். என் மாமியாரைப் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டாள். அவசரத்துக்குத் தயாராவது பற்றிப் பேசும் கூட்டங்களில், தயார் செய்கிறவர்களின் வீட்டை யார் பார்ப்பது என்று ஒரு வரி கூட நான் கேட்டதில்லை. முதல் சனிக்கிழமையை வேலை நாளாகக் கணக்கிட வேண்டும். அதற்குப் போய்வரப் பஸ் காசு தர வேண்டும். மாவட்டக் கூட்டத்துக்கு எங்களில் ஒருத்தியைக் கூப்பிட வேண்டும். வரவேற்க அல்ல, பேச. தாய்வீட்டுக்குப் போகும் பெண்ணின் பதிவு அவளோடு போக வேண்டும், சத்துமாவும் சேர்த்து. நான் கேட்பது இவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற வருடம் அந்தத் திருப்பூர்ப் பெண் பால்வாடிக்கு வந்தாள். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. அன்றைக்கு முதல் சனிக்கிழமை, புது நர்ஸுக்கு நான் நோட்டைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பிரசவம் அங்கேயா இங்கேயா என்று இன்னும் முடிவாகவில்லை என்றாள். நாங்கள் ஒன்றும் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்: "எங்க பொறந்தாலும் பரவால்ல அக்கா. ரெண்டு நோட்டுலயும் எழுதிருங்க."

புது நர்ஸ் பேனாவை எடுத்தாள். டீச்சர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவளிடமிருந்து அந்தப் பேனாவை வாங்கிக்கொண்டார்.